வெட்டிப்போட்ட ஓரம்

தங்கை மகளின் பிறந்தநாள் வீடியோ டிஸ்க்கில் எல்லோரும் கேக்கைப் பார்க்கிறார்கள், தங்கை மட்டும் பார்க்கவில்லை. மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படத்தின் வலது விளிம்புக்கு அப்பால் எதையோ வெறித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த டிஸ்க்கைத்தான் அவள் புருஷன் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் போட்டுக் காட்டினான். சொந்தக்காரர்களுக்குக் காட்டினான், கடைசியில் டாக்டருக்கும் காட்டினான். "எங்க பாக்குறா பாருங்க. அங்க ஒண்ணுமே இல்ல." இப்போது தங்கை மனநல ஆஸ்பத்திரியில் மாத்திரை மயக்கத்தில் கிடக்கிறாள். ஐந்து வயது மகள் அவனோடு அந்த வீட்டில்.

அக்காவுக்கு வீடியோ கடையில் எடிட்டிங் வேலை. அந்த விழாவை எடுத்ததும் அதே கடைதான். அப்போதே புதுக் கேமரா வந்துவிட்டது, படம் அகலமாக, அத்தனை துல்லியமாக விழும். ஆனால் வீடுகளில் இருந்ததெல்லாம் சதுர டிவி. அதனால் முதலாளி இரண்டு ஓரத்தையும் வெட்டிப்போட்டுவிட்டு நடுவை மட்டும் டிஸ்க்கில் அடைத்துக் கொடுப்பார். கேமராக்காரரும் வேண்டியவர்களை நடுவிலேயே வைத்து எடுப்பார், ஓரத்தில் யார் நின்றாலும் அவருக்குக் கவலையில்லை. இப்போது எல்லோர் வீட்டிலும் பெரிய டிவி வந்து, பழைய விழாவைப் புது டிஸ்க்கில் முழுசாகப் போட்டுத்தரச் சொல்லிக் கேட்கிறார்கள்.

முதலாளி பீரோவைத் திறந்து மூல டேப்புகளை மேஜையில் கொட்டினார். "ஒண்ணொண்ணா கம்ப்யூட்டர்ல ஏத்தும்மா. இந்தத் தடவ ஓரத்த வெட்ட வேணாம்."

"அப்பவே வெட்டாம குடுத்திருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"வாங்கிட்டுப் போயி எதுல போட்டுப் பாக்குறது, மிக்ஸிலயா? காலைலயே என்னம்மா இவ்ளோ காரம்?"

அவள் குவியலிலிருந்து தங்கை வீட்டு டேப்பைத் தேடி எடுத்தாள். ஓரத்தில் யார் நிற்பாள் என்று அவளுக்குத் தெரியும். அவனோடு வேலை பார்க்கிறாளே, அந்த ஆபீஸ்காரி. கட்டினவள் கண்முன்னாலேயே அவளை விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறான், தங்கை அதைப் பார்த்து நொந்துபோயிருக்கிறாள், இவன் அதற்குப் பைத்தியம் என்று பேர் வைத்துவிட்டான். இதை நாலு பேர் நடுவில் போட்டுக் காட்டி, அவன் மானத்தை வாங்கி, தங்கையை வீட்டுக்குக் கூட்டிவராமல் விடுவதில்லை.

எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே நல்ல வெயில் அடித்தாலும் உள்ளே ஏசியின் உறுமலும், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், டேப் சுற்றும்போது எழும் மெல்லிய கீச்சொலியும், திரையின் வெளிச்சம் சுவரில் விழுந்து நெளிவதும்தான் எப்போதும் இருக்கும். அவள் கதவைச் சாத்திவிட்டு ஓடவிட்டாள்.

படம் விரிந்தது. தங்கையின் நெற்றியில் வியர்வை முத்துகளை எண்ணலாம் போல் இருந்தது. வலது ஓரத்தில் திரைச்சீலை, அலமாரி, பிறகு ஒரு பச்சைப் புடவை.

'மாட்டினாயா!' என்று பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். புடவைக்காரி கையில் காகிதத் தட்டு. பக்கத்தில் யாருக்கோ தலையாட்டிச் சிரித்துவிட்டுத் திரும்பினாள்.

அது அவளேதான். அன்றைக்கு அங்கே நின்றது அக்காதான். இத்தனை நாளில் அதையே மறந்துபோயிருந்தாள்.

அவமானத்தில் முகம் சுட்டது. இத்தனை நாள் வளர்த்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் டேப்பை நிறுத்தப் போனவள், நிறுத்தவில்லை. தங்கையின் பார்வை அக்கா மேல் இல்லை. அக்காவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது.

அங்கே ஒரு ஆள் நிற்க இடமில்லை. ஆனால் நின்றது. சுவரோடு அப்பிக்கொண்டு, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு. இமை இல்லாத கண். அக்காவின் தோளில் அதன் விரல்கள், முழங்கை வரை நீளமாக. அறையில் இருந்த எல்லோரையும்விட அதுதான் துல்லியமாகத் தெரிந்தது. அது பார்த்துக்கொண்டிருந்தது குழந்தையை.

அவள் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

கேமரா இடப்பக்கம் திரும்பியது. இப்போது இடது ஓரத்தில் அது. மறுபடி வலம். வலது ஓரத்தில். பழைய வெட்டுக்கோட்டைத் திரையில் போட்டுப் பார்த்தாள். ஒரு நகம்கூடக் கோட்டைத் தாண்டவில்லை.

எங்கே வெட்டுவார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

தங்கைக்குப் பைத்தியம் இல்லை. காவல் இருந்திருக்கிறாள். அந்தக் காவலைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து ஆஸ்பத்திரியில் பூட்டினார்கள். பாவிகள்! அத்தனை பேரும் பாவிகள்.

உடனே வீடியோ கால் போட்டாள்.

"என்னக்கா, மறுபடியும் சண்டையா?" என்றான் தங்கை புருஷன்.

"பாப்பா எங்க? காட்டுங்க."

"இங்கதான் ஹால்ல விளையாடிட்டு இருக்கா. இந்தாங்க, பாருங்க."

செல்போனை நிமிர்த்திப் பிடித்திருந்தான். ஒடுக்கமான படம். நடுவில் பாப்பா, தரையில். ஒரு கையை உயர்த்தியிருந்தாள். மணிக்கட்டுக்கு மேல் தெரியவில்லை, விளிம்புக்கு வெளியே போய்விட்டது.

"பாப்பா, பெரியம்மாவப் பாருடா."

பார்க்கவில்லை. ஓரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போனைப் படுக்க வச்சுப் பிடிங்க."

"எதுக்கு?"

"சொன்னதைச் செய்ங்க!"

படம் சரிந்து அகலமானது. அகலமாகும்போதே பாப்பா ஓரத்துக்கு நகர்ந்தாள். நடக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. உட்கார்ந்தபடியே, உயர்த்திய கையால் இழுபட்டு. தலை மறைந்தது. இடுப்பு மறைந்தது.

"ஏய், எங்கடி போற..." அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

அகலமான, துல்லியமான வெறும் தரை. அதன் கடைசி விளிம்பில் ஒரு சின்னப் பாதம். விரல்கள் தரையைப் பற்றப் பார்த்தன. அதுவும் வெளியே போனது.