டொனெகலுக்கு ரயில் கிடையாது

"ஐயையோ... என் டீ!"

கப்பல் ஒரு ஆட்டம் ஆடியதில் ஸோர்காவின் கோப்பை கவிழ்ந்து, எதிரே நின்றவனின் வெள்ளைச் சட்டை முழுக்கத் தேநீர்.

"டீ போனா போகுது... என் சட்டைக்கு யாரு அழறது?"

சிரித்தான். மழைக்கு முந்தைய கடலின் நிறத்தில் கண்கள்... அவள் சட்டென்று தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஃபினான். லண்டனில் தச்சு வேலை. கப்பல் அயர்லாந்தின் டப்ளினைத் தொட்டதும் ரயிலேறி, தெற்கே கெர்ரிக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறானாம்.

"நீங்க?"

"வடக்கே... டொனெகல். ப்ளேன்ல போயிருக்கலாம். மூட்டை அதிகம்."

"எங்க கெர்ரிக்கு ப்ளேனும் உண்டு, ரயிலும் உண்டு. உங்க ஊருக்கு ரயிலே கிடையாதாமே! கழுதை வண்டியா?"

அவள் முகம் சிவந்தது.

"சிரிங்க! சிகிச்சைக்கு எங்கப்பாவை அம்மா பஸ்லயேதான் டப்ளினுக்குக் கூட்டிட்டு வர்றா. அவளால இனி முடியாது. அதான் லிவர்பூல் வேலையை உதறிட்டு நான் போறேன்."

துறைமுகத்தில் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டொனெகல் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் மனசு உறுத்தியது. விளையாட்டாகச் சொன்னவனிடம் இத்தனை வெடுக்கென்று பேசியிருக்க வேண்டுமா? வெளியே மழை கொட்டியது...

"இங்க உட்காரலாமா?"

திரும்பினாள். தொப்பலாக நனைந்து, கருவிப் பெட்டியோடு ஃபினான்!

"இது டொனெகல் பஸ்..."

"தெரியும்."

"கெர்ரி அந்தப் பக்கம்!"

"அதுவும் தெரியும். நாளைக்கு வர்றேன்னு அம்மாவுக்கு போன் பண்ணினேன். 'பொண்ணு யாருடா?'ன்னாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"மன்னிப்பு கேக்கவா இவ்ளோ தூரம்?"

"மன்னிப்பை இங்கயே கேட்டுடலாம். தப்புதான், மன்னிச்சிடுங்க..." அவன் குரல் தணிந்தது. "அப்பாவுக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வர்ற மனசு யாருக்கு வரும்? மிச்ச தூரம்... எனக்கு உங்களைப் பிடிச்சுப் போனதுக்காக. வேணாம்னா சொல்லுங்க, இப்பவே இறங்கிடறேன்."

ஓட்டுநர் இன்ஜினை உசுப்பினார். ஸோர்கா பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உட்காரு."

உட்கார்ந்தான். பஸ் நகர்ந்தது. கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள்.

"இவ்ளோ நேரமும்... நீ வருவியான்னு இந்த ஜன்னல் வழியாத்தான் பார்த்துட்டிருந்தேன்."