செலஸ்டினாவின் அளவு

வலியேந்தியைக் கட்டிய பத்தாவது நிமிடத்தில் செவிலி ஹாஜிரா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அருணகிரிக்கு முதுகெலும்பில் புற்றுநோய். வலியேந்தி என்பது இரண்டு பட்டைகள்: அவர் மணிக்கட்டில் ஒன்று, வீட்டுக்கு வரும் செவிலியின் மணிக்கட்டில் அதன் இணை. அவர் வலி அவளுக்குள் இறங்கும். அவள் உடல் துடித்தால்தான் மருந்துக்குழாய் திறக்கும். நோயாளி மிகைப்படுத்தலாம், வீட்டார் அழலாம். செவிலியின் உடல் பொய் சொல்லாது என்பது சட்டத்தின் நம்பிக்கை.

அன்று குழாய் நான்கு முறை திறந்தது. மாலையில் அருணகிரி மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காப்பி கேட்டார். பூங்கோதை அப்பாவின் குரலைக் கேட்டு நான்கு மாதமாகியிருந்தது.

அந்த நான்கு மாதமும் அவரைக் கவனித்த செவிலி செலஸ்டினா. தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக அன்று மட்டும் விடுப்பு. பதினோரு வருட அனுபவம். நிறுவனத்திலேயே மிகக் குறைந்த மருந்து அவள் போகும் வீடுகளில்தான் செலவாகும்.

மறுநாள் ஹாஜிராவுக்கு மெமோ வந்தது. அளவுக்கு மீறிய மருந்து. பணி மாறும்போது செலஸ்டினாவிடம் கேட்டாள்.

“முதுகுல யாரோ ரம்பம் போடற மாதிரி இருந்துச்சுக்கா. உங்களுக்கு வலிக்கவே இல்லையா?”

வலித்தது. தினமும் வலித்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். மூன்றாம் முறை விழுந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அதன்பிறகு ஒரு மூச்சைப் பழகிக்கொண்டாள். வயிற்றை இறுக்கி, மெல்ல விடுவது. வலி உள்ளே வரும், உடல் அசையாது. அதைத் திறமை என்று நினைத்தாள். புதிதாக வந்த பதினான்கு பேருக்குக் கற்றும் கொடுத்தாள்.

அன்று அருணகிரியின் அருகில் உட்கார்ந்து துடிக்க முயன்றாள். உடல் அதை மறந்திருந்தது. கையைக் கிள்ளிக்கொண்டாள். அவளுடைய சொந்த வலியைப் பட்டை பொருட்படுத்தாது. அவர் கூரையைப் பார்த்துக் கிடந்தார். அவள் கையில் இறந்த இருபத்தெட்டுப் பேரும் அப்படித்தான் கிடந்தார்கள். ஒவ்வொரு முகமாக வந்தது.

மேற்பார்வையாளர் தேவநாதனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஹாஜிரா கொடுத்ததுதான் சரியான மருந்து, தன்னை வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றாள். அவர் குறுக்கிடாமல் குறித்துக்கொண்டார்.

“வலி முழுசா வந்துச்சு. இருந்தும் நின்னு வேலை பார்த்தீங்க.”

“ஆமா சார்.”

“அப்ப அது தாங்கற வலிதானே சிஸ்டர்.”

அவளை அலுவலகப் பணிக்கு மாற்றினார்கள். பத்து நாளில் எல்லாப் பட்டைகளிலும் புதிய அளவு ஏறியது. செலஸ்டினா தாங்கிய அளவு வரையிலான வலியைப் பட்டை இனி எந்தச் செவிலிக்கும் அனுப்பாது; அதைத் தாண்டினால்தான் அனுப்பும்.

அருணகிரி வீட்டுக்கு ஹாஜிரா போய்க்கொண்டிருந்தாள். செலஸ்டினா அவளுக்குப் போன் செய்தாள்.

“மெமோவை ரத்து பண்ணிட்டாங்கக்கா. நீங்கதான் பேசினீங்களாமே.” குரலில் நன்றி இருந்தது. “இப்பல்லாம் பட்டை கட்டியிருக்கறதே தெரியலை.”

அவர் எப்படி இருக்கிறார் என்று செலஸ்டினா கேட்டாள்.

“வலி குறைஞ்சிருச்சு போலக்கா. சத்தமே இல்லை. கண்ணு மட்டும் திறந்திருக்கு.”