குதிகால் பழக்கம்

டிவியில் ஓடிய வீடியோ விளையாட்டுக்குள் நடந்துகொண்டிருந்த சிறுமி இருமினாள். மாரிச்செல்வம் நிமிர்ந்து உட்கார்ந்தான். நேற்றுவரை அவளுக்கு இருமல் கிடையாது. இருமல் ஆஷாவுக்குத்தான். அவன் மகள் காய்ச்சலோடு அவன் இடது கையைப் பிடித்தபடி பாயில் கிடந்தாள்.

"கைய மட்டும் விட்றாதீங்க, அவ பாட்டுக்குத் தூங்கிருவா" என்று சொல்லிவிட்டு மனைவி விஜயராணி ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்குப் போயிருந்தாள். வீரபாண்டி லைன் வீட்டின் தகரக் கூரையில் மழை விட்டு விட்டுத் தட்டியது. சன்னல் வழியே நுழைந்த சாய வாடை, ஈரத் துணியின் புழுக்கத்தோடு கலந்து, யாரோ பக்கத்தில் மூச்சு விடுவதுபோல் கழுத்தில் வந்து படிந்தது.

விளையாட்டின் கதை எளிது. ஓர் அப்பன் மகளின் கையைப் பிடித்து, பாழடைந்த மில்லின் இருட்டிலிருந்து வாசலுக்குக் கூட்டி வர வேண்டும். கையைப் பிடிக்க ஒரு பட்டன். பனியன் கம்பெனித் தையலில் ஊசி இறங்கி மரத்துப்போன மாரிச்செல்வத்தின் கட்டைவிரலுக்கு அது பிள்ளையின் கையாகத் தெரியவில்லை, லிப்ட் பட்டனாகத்தான் தெரிந்தது. கம்பெனி எலக்ட்ரீசியன் வேல்குமார்தான் பழைய ஓவர்லாக் தையல் மெஷினின் மிதியைக் கழற்றி வந்து, பட்டனுக்குப் பதிலாக விளையாட்டோடு ஒயர் கொடுத்தான். முன்னால் மிதித்தால் கையைப் பிடித்து நடக்கும். குதிகாலை அழுத்தினால் கையை விடும்.

"ஏனுங்ணா, லீவு நாள்லயும் மிதிக்கோணுமா? ஓனருக்குத் தெரிஞ்சா இங்கயே தைக்கிற துணி பண்டல் எறக்கிப்போடுவாருங்க" என்று மாட்டும்போதே சிரித்தான்.

"எறக்கட்டும்டே. சம்பளமில்லாம மிதிக்கவன் எங்க கெடைப்பான்?"

மிதி வந்த பிறகு ஆட்டம் ஆட்டமாக இல்லை. பட்டனைத் தேடும் விரல் யோசிக்கும், தையல்காரன் பாதம் யோசிக்காது. மிதித்ததும் அவனே நடந்தான். ஈரத் தரை அவன் உள்ளங்காலில் குளிர்ந்தது.

மறுபடி இருமல். பாயிலும் டிவியிலும் ஒரே நேரத்தில்.

அடுத்தது டிவியில் மட்டும்.

சிறுமி வெளிச்சத்துக்கு வந்தாள். மஞ்சள் பனியன். தோள் தையல் கோணல். கழிவுத் துணியில் ஆஷாவுக்கு அவன் தைத்தது. எந்தச் செக்கரும் பாஸ் செய்யமாட்டான்.

"எப்பா."

எங்கிருந்து வந்த குரல்? பாயைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. உள்ளங்கையில் விரல்கள் இருந்தன. சூடாக. வாசலுக்குப் போய்விட்டால் போதும். மிதித்தான். தறிகள் கடந்தன. தூண்கள் கடந்தன. வாசல். அப்பனின் கால் படியைத் தாண்டியது.

பீஸ் முடிந்தது.

ஒவ்வொரு தையல் முடிவிலும், நூலை அறுக்க, இத்தனை வருடமாக இறங்கிய குதிகால் தானாக இறங்கியது.

கை காலியானது.

பாயில் போர்வை. அதற்குள் யாருமில்லை. தொட்டான். சூடு இருந்தது.

வாசலுக்கு உள்ளே அவள் நின்றாள். கையை நீட்டியபடி.

"எப்பா, ஏன் கைய விட்ட?"

மிதித்தான். திரையில் அப்பன் மட்டும் முன்னால் நடந்தான். மழைக்குள். அவள் சிறுத்தாள். காலை எடுத்தான். ஓவர்லாக்கில் பின்னால் தைக்க வழியில்லை. இந்த மிதியிலும் இல்லை.

கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம்.

"என்னங்க, புள்ள தூங்கிட்டாளா?"

மில்லின் விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்துவந்தன. நீட்டிய கை மட்டும் கடைசி விளக்கடியில் இருந்தது.