எல்லாப் பக்கமும் தாம்பாளம்

பொன்னேரி பஸ் பழவேற்காட்டில் இறக்கிவிட்டபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வைஷ்ணவி துணிப்பையோடு மணலில் நடந்து மாமனார் வீட்டுக்குள் நுழைந்தாள். ஓட்டு வீடு. உள்ளே ஈர வலை நாற்றம். புருஷன் போன பிறகும் அந்த நாற்றம் போகவில்லை.

புருஷன் உதயகுமாரை ஏரி கொண்டுபோய் ஒரு மாதம் ஆகப்போகிறது. பனி மூடிய காலையில் முகத்துவாரத்துப் பக்கம் போனவன். படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

பனி மூடினால் அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். வீட்டு ஆள் கரையில் நின்று பித்தளைத் தாம்பாளத்தை அடிக்க வேண்டும். மூன்று அடி, கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில் படகில் இருப்பவன் "எந்தப் பக்கம்?" என்று குரல் கொடுப்பான். மறுபடி அடி. சத்தம் வந்த திசைக்கே துடுப்புப் போட்டு வந்து சேருவான். வராமலே போனவனுக்குக் காரியத்தன்று அந்தத் தாம்பாளத்தைக் கவிழ்த்து மணலில் புதைத்துவிடுவார்கள். கூப்பிட்டது போதும், நீ கிளம்பு என்று அர்த்தம். அதன் பிறகு அவனுக்காக யாரும் அடிக்கக் கூடாது.

மாமனார் பொன்னுரங்கம் தன் மகனுக்கான தாம்பாளத்தைத் தன் கையாலேயே புதைத்தார். காரியம் முடிந்து தாய்வீட்டுக்குப் போன மருமகள் இன்றுதான் திரும்பியிருந்தாள்.

உதயாவும் அவளும் ஒரே நடிகருக்கு உயிரை விடும் ரசிகர்கள். பெண் பார்க்க வந்தவன் பஜ்ஜியைத் தொடாமல், "நீங்க யாரு ஃபேன்?" என்றுதான் முதலில் கேட்டான். கல்யாணத்துக்குப் பிறகு இருவருமாக அந்த நடிகரின் படத்துண்டுகளை வெட்டி ஒட்டி வீடியோ போட்டார்கள். சத்தம் தேடுவது அவன் வேலை. வாளியில் இறால் துள்ளுவது, மோட்டார் இருமுவது, எதையும் விடமாட்டான். செல்லில் பிடித்து வந்து அவள் காதில் வைப்பான்.

"மொதல்ல கேளு வைஷு. படம் தானா வரும்."

அவள் கண்ணை மூடிக் கேட்பாள். எங்கே நடை, எங்கே முகம், எங்கே வெறும் கறுப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவன் வீட்டில் விட்டுப்போன செல்லில் அன்று அவள் ஒரு பதிவைக் கண்டாள். முன்பு எப்போதோ பனியில், படகிலிருந்து பிடித்தது. தண்ணீரின் சலசலப்பு. தூரத்தில் தாம்பாளம். மூன்று அடி. இடைவெளி.

அவள் கண்ணை மூடினாள். படம் வந்தது. ஒவ்வோர் அடிக்கும் நடிகரின் ஒரு காலடி. இடைவெளியில் கறுப்பு.

செய்யலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். தாம்பாளம்தான் மண்ணுக்குள் இருக்கிறதே, இது செல்லில் இருக்கும் வெறும் சத்தம்தானே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டு வீடியோவைப் போட்டாள்.

இரண்டே நாளில் பிய்த்துக்கொண்டு ஓடியது. கண்ட ஊர் ரசிகர்களும் அந்த ஆடியோவை எடுத்துத் தங்கள் வீடியோவுக்குப் போட்டார்கள். கீழே ஒருத்தன் எழுதியிருந்தான்: "நடுவுல வர்ற வாய்ஸ் யாருது ப்ரோ? செம."

வாய்ஸா?

அவள் போட்டதில் குரலே கிடையாது; சத்தம் பிடிப்பதற்காக உதயா அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தான். அடுத்தவனுடையதைத் திறந்தாள். மூன்று அடி. கறுப்பு.

"எந்தப் பக்கம்?"

இன்னொருவனுடையது. அதே உதயாவின் குரல், தொண்டை கட்டியிருந்தது.

"நைனா... எந்தப் பக்கம்?"

செல் கையிலிருந்து நழுவியது. வாசலில் பொன்னுரங்கம் நின்றிருந்தார்.

"இன்னாமே அது?"

"அவரு புடிச்ச சத்தம், மாமா. வீடியோவுக்குப் போட்டேன்."

"நான் அடிச்ச தட்டுமே அது!" கிழவர் உள்ளே வந்தார். "ஒருத்தன் அடிச்சா கரை தெரியும். ஊரே அடிச்சா அவன் எங்க போவான்?"

"அழிச்சிடறேன் மாமா."

"உன்னோடத அழிப்ப. மத்தவன் வச்சிருக்கறத?"

அவள் கீழே கிடந்த செல்லை எடுத்து அணைத்தாள்.

மறுநாள் காலையில் பனி இறங்கியது. எதிரே நின்ற படகுகூடத் தெரியவில்லை. பொன்னுரங்கம் மணலைத் தோண்டித் தாம்பாளத்தை எடுத்தார். புதைத்ததை எடுத்த ஆள் அந்தக் குப்பத்தில் அவருக்கு முன் கிடையாது.

"கூப்ட்டது கூப்ட்டாச்சு. ஒருவாட்டி கரையேறிட்டுப் போவட்டும்" என்று முணுமுணுத்தார்.

அடித்தார். மூன்று அடி. அவரும் பக்கத்தில் நின்ற வைஷ்ணவியும் காது கொடுத்தார்கள்.

ஒன்றுமில்லை. சேற்று நாற்றம் மட்டும்.

மறுபடி அடித்தார்.

"எந்தப் பக்கம்?"

தண்ணீர்மேல், வெகு தூரத்தில். வைஷ்ணவி வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவர் கண்ணில் நீர் வழிய அடித்தார். குரல் கொஞ்சம் கிட்டே வந்தது. துடுப்பு தண்ணீரை அளையும் சத்தமும் கேட்டது. முழங்கால் தண்ணீரில் இறங்கி அவள் கையை நீட்டினாள்.

"இந்தப் பக்கம்! இங்க வா உதயா!"

அப்போது படகுத்துறையில் யாரோ செல்லைத் திறந்தார்கள். மூன்று அடி. இடைவெளி.

துடுப்பு நின்றது.

பிறகு அந்தப் பக்கமாகத் திரும்பிப் போனது. தேநீர்க் கடைப் பக்கம் இன்னொரு செல். துடுப்பு மறுபடி திரும்பியது. கிழவர் வெறிபிடித்தவர் போல் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். குரல் தேய்ந்து தேய்ந்து பனிக்குள் போயிற்று.

பனி விலகியபோது ஏரி காலியாகக் கிடந்தது. பொன்னுரங்கம் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து வைஷ்ணவி தன் வீடியோவை அழித்தாள். அந்த ஆடியோவைப் போட்டவர்களுக்கெல்லாம், எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சி எழுதினாள். பலபேர் சிரித்தார்கள். சேலத்திலிருந்து ஒரு பெண் மட்டும் பதில் போட்டிருந்தாள்.

"எடுத்துட்டேன் அக்கா. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே பயந்துட்டேன். காலையில அந்த ஆடியோவ ஓட விட்டிருந்தேன், யாரோ கதவத் தட்டினாங்க. நாங்க மூணாவது மாடி. கதவுக்கு அடியில தண்ணி வந்துச்சு, ஒரே உப்பு வாடை. வெளியில இருந்து வைஷு, வைஷுன்னு கூப்ட்டாங்க. அப்படி யாரும் இங்க இல்லன்னு சொல்லி அனுப்பிட்டோம்."