வலப்பக்கப் பின்கதவு

கார் மணிக்கு எண்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, வலப்பக்கப் பின்கதவின் கைப்பிடியை வெளியிலிருந்து யாரோ இழுத்துவிட்ட சத்தம் கேட்டது. டக்.

சாருஜன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். அறுவடை முடிந்த வயல், அதற்கப்பால் காற்றாலைகள், ஈ காக்கை இல்லாத நேர்சாலை. பக்கத்தில் ஸ்ரெபானி மடியில் இருந்த கண்ணாடி விளக்கை இரண்டு கைகளாலும் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவளுடைய அண்ணன் றொனிஷன் போன ஆவணியில் இந்த வெளியில்தான் மின்னல் விழுந்து செத்துப்போனான். ஆறு வருடங்களாக அவனும் சாருஜனும் இதே காரில் மேற்கு யூலண்ட் வெளிகள் முழுக்கப் புயலைத் துரத்தியவர்கள். ஓகூஸ் நகர ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை முடிந்ததும் முடியாததுமாகச் சாருஜன் கிளம்பிவிடுவான். மழை எங்கே நகர்கிறது என்று காட்டும் ராடார் படத்தைப் போனில் பார்த்து றொனிஷன் வழி சொல்லுவான். அந்தச் சாவுக்குப் பிறகு சாருஜன் ஒரு புயலையும் தேடிப் போகவில்லை.

இன்று காலை ஹேர்னிங் தேவாலயத்தில் றொனிஷனின் ஆண்டுத் திருப்பலி முடிந்ததும் ஸ்ரெபானி அவனிடம் வந்தாள். "இண்டைக்கும் அங்கை இடி வருதாம், அண்ணை. அவன் நிண்ட இடத்தை நான் பாக்கவேணும். விளக்கொண்டு வைக்கவேணும்." அவளுடைய தாய் மேரிகிறேஸ் அவனுடைய கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நீதானே ராசா கடைசி மட்டும் அவனோடை நிண்டனி." அந்தக் கன்னம் ஈரமாக இருந்தது. அதற்குப் பிறகு மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

மேற்கே வானம் கருங்கல் பலகைபோலத் தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. பின்னேரம் நாலு மணிதான், ஆனால் வயலின் வைக்கோல் தாள்கள் எல்லாம் பழுத்த எலுமிச்சை நிறத்தில் ஒளிர்ந்தன. காற்றுத் துவாரங்கள் வழியாக மாட்டுச் சாணப் பசளையின் நாற்றமும், அதற்குள் புதைந்து, இன்னும் பெய்யாத மழையின் மணமும் வந்தன. அணைத்துவைத்த வானொலி தன்பாட்டில் ஒருமுறை கரகரத்து ஓய்ந்தது.

டக்.

"இதுதான் இடம்," என்றான் சாருஜன். மண்பாதை ஒன்று வயலுக்குள் திரும்பும் முனையில் காரை நிறுத்தினான். எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை.

ஸ்ரெபானி இறங்கவில்லை. "அண்ணை, ஒண்டு கேக்கட்டே?"

"கேள்."

"அவன் விழுந்த உடனை அம்புலன்சுக்கு அடிச்சன் எண்டு சொன்னீங்கள். அவன்ரை கமராவிலை கடைசிப் படம் நாலு இருபதுக்கு. நீங்கள் அடிச்சது அஞ்சு மணிக்கு. நான் வயோதிபர் இல்லத்திலை வேலை செய்யிறனான், அண்ணை. நிண்டுபோன இருதயத்துக்கு நாப்பது நிமிசம் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும்."

ஒரு வருடமாக இந்தக் கேள்வியைத்தான் அவன் ஒவ்வொரு முகத்திலும் தேடிப் பயந்திருந்தான். கேட்டுவிட்ட பிறகு ஒரு நொடி ஆறுதலாகக்கூட இருந்தது.

"அவன் வயலுக்குள்ளை நிண்டவன், நான் காருக்குள்ளை," என்றான். "என்ரை கைமயிர் எல்லாம் குத்திட்டு நிண்டுது. விழப்போகுது எண்டு தெரிஞ்சுது. அவனுக்கும் தெரிஞ்சுது. ஓடி வந்து பின்கதவை இழுத்தான்."

"பிறகு?"

"நான் பூட்டிப்போட்டன்."

அவள் அவன் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"திறந்தால் எனக்கும் விழும் எண்டு நினைச்சன். காரை எடுத்தன். அவன் விழுந்ததைக் கண்ணாடியிலை பாத்தன். நிப்பாட்டேல்லை. எங்கை போனன், எவ்வளவு நேரம் ஓடினன், ஒண்டும் தெரியாது."

"உங்கடை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவனோ?"

"ஓம்."

அவள் விளக்கைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து, வைக்கோல் தாள்களை மிதித்து வயலுக்குள் நடந்தாள். முதல் துளிகள் கூரையில் கல்லெறிபோல விழத் தொடங்கின.

இறங்கிப் போய் அவளைக் கூட்டிவர வேண்டும். அது அவனுக்குத் தெரியும். கை கதவை நோக்கி நீண்டது, விரல் அழுத்தியது. நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்ட ஓசை கேட்ட பிறகுதான் தான் எதை அழுத்தினோம் என்று அவனுக்குப் புரிந்தது.

மழை ஒரே வீச்சில் வந்தது. வயல் மறைந்தது, காற்றாலைகள் மறைந்தன, கண்ணாடி முழுக்க நீர் வழிந்தது. மின்னல் வெட்டியபோது ஸ்ரெபானி தெரிந்தாள். ஐம்பதடி தள்ளி. முழங்காலில். விளக்கின்மேல் குனிந்தபடி.

டக்.

பின்கதவு.

டக். டக். டக்.

அவள் அங்கே இருக்கிறாள். அப்படியென்றால் இது யார்?

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. கண்ணாடியில் உள்ளங்கை அடிக்கும் சத்தம். ஈரக் கை. மெதுவாக. களைத்துப்போன கை. கைமயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

அடுத்த மின்னல். ஸ்ரெபானி எழுந்து ஓடி வருகிறாள். விழுகிறாள். எழும்புகிறாள். முன்கதவில் மோதுகிறாள்.

"அண்ணை! திறவுங்கோ! அண்ணை!"

முன்கதவில் அவள் கை. பின்கதவில் அந்தக் கை. இரண்டும் ஒரே தாளத்தில். இந்தப் பழைய காரில் பூட்டுக்கு ஒரே பொத்தான். திறந்தால் எல்லாம் திறக்கும்.

"அண்ணை!"

சாருஜன் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான்.

இரண்டு கதவுகள் திறந்தன. இரண்டு கதவுகள் சாத்தப்பட்டன.

அவர்களுக்குப் பின்னால், வயலுக்குள், உலகம் வெள்ளையாய் வெடித்தது. பிறகு மழை மட்டும். காரின் பின்பக்கம் ஒரு பாரம் ஏறியதுபோல மெல்லத் தாழ்ந்தது. நனைந்த வைக்கோலின் மணம் வந்தது. அதோடு கருகிய மயிரின் நாற்றம்.

ஸ்ரெபானி கண்களை இறுக மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். நனைந்த கூந்தல் முகமெல்லாம் ஒட்டியிருந்தது.

பின்னிருக்கையிலிருந்து ஒரு கை நீண்டு வந்தது. மழைச்சட்டையின் கைப்பகுதி உருகி மணிக்கட்டோடு ஒட்டியிருந்தது. புறங்கையெங்கும் வேர்கள்போலச் சிவந்த கோடுகள் கிளைவிட்டிருந்தன. அது அவளுடைய நெற்றியிலிருந்த கூந்தலை ஒவ்வொரு இழையாக ஒதுக்கியது, காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் செய்வதுபோல. அவள் கண் திறக்காமலே அந்த உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்தாள்.

"குளிருது," என்றாள்.

கை அவளை ஆறுதலாக இருக்கையில் சாய்த்துவிட்டு விலகியது. பிறகு சாருஜனின் தோளில் வந்து அமர்ந்து, புறப்படலாம் என்று ஓட்டுபவனிடம் சொல்வதுபோல இரண்டு முறை தட்டியது. விலகாமல் அங்கேயே இருந்தது.