அணைக்கட்டுச் சங்கு

"என் வீட்டுக்காரர் தூங்கலைங்க," என்று சொல்லும்போதே அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அணைக்கட்டில் பொத்தானை அழுத்தி அபாயச் சங்கு ஊதுபவரின் மனைவி அவள். மதகைத் திறக்குமுன் சங்கு ஊதினால்தான் கீழே ஆற்றில் நிற்பவர்கள் கரையேறுவார்கள். நேற்று யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. வலைபோட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவரை வெள்ளம் பாறையில் மோதவைத்துக் காலை ஒடித்துவிட்டது. இன்று மாலை கணவருக்கு வேலை போய்விடும்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார் துப்பறிவாளர்.

"இல்லைங்க. ஊதினேன்னு சத்தியம் பண்றாரு. நானே நம்பாம, நாலு பேர் முன்னாடி திட்டிட்டேன்."

துப்பறிவாளரின் மைத்துனனுக்கு வழக்கு என்றால் சோறு தண்ணி வேண்டாம். "குறட்டை விட்டிருப்பாரு அத்தான்!" என்று அவள் போனதும் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

இருவரும் அணைக்குப் பக்கத்திலேயே இருந்த அணைப் பொறியாளர் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. "மெதுவா பேசுங்க. ஒரு வாரமாத்தான் பேத்தி காலையில அசந்து தூங்குறா," என்றார் அவர். "தினமும் காலையில சங்கை ஊதிச் சோதிக்கிறோம். அதுல கோளாறே இல்ல." சங்கு இருக்கும் மதகு அறை மாடியின் சாவி தன்னிடம் மட்டுமே இருக்கும் என்றும், மேலே பார்க்க ஒன்றுமில்லை என்றும் சொல்லிக்கொண்டே அரைமனதாகக் கொடுத்தார்.

மாடியில் சங்கைச் சுற்றிவந்த துப்பறிவாளர், "வெயில் படாத பக்கம்தான் பெயிண்ட் வெளுத்திருக்கு, பாத்தியா மச்சான்?" என்றார். பிறகு அவனை மலைக்கு அனுப்பினார். அவன் மூச்சிரைக்கத் திரும்பிவந்தான். நேற்றுச் சங்குச் சத்தத்தில் ஆடுகள் மிரண்டு ஓடியதாக ஆடு மேய்ப்பவர் திட்டித் தீர்த்தாராம்.

மாலையில் எல்லோரும் மதகு அறையில் கூடினார்கள்.

"சங்கு ஊதியிருக்கு. ஆனா ஆத்துக்கு இல்ல, ஆட்டுக்கு," என்றார் துப்பறிவாளர். "வெயில்ல வெளுத்த பக்கம் இப்போ நிழல்ல நிக்குது; வாயை யாரோ மலைப்பக்கம் திருப்பியிருக்காங்க. தினமும் காலையில சங்கு ஊதியும் ஒரு வாரமா உங்க பேத்தி மட்டும் எப்படி சார் அசந்து தூங்குறா? மாடிச் சாவியும் உங்ககிட்டதானே?"

பொறியாளரின் முகம் செத்துப்போயிற்று. "இவரு லீவுல இருந்த அன்னிக்குத் திருப்பவச்சேன். ஊருக்கு எப்படியும் கேக்கும்னு நெனச்சேன். பழி இவர் மேல விழுந்தப்போ... எனக்கு வாய் வரல."

"ஒரு வாரமா காலைச் சங்கு கேக்காதது எங்களுக்கும் தெரியும்," என்றாள் ஊதுபவரின் மனைவி. "நிம்மதியா இருந்துச்சு. ஏன்னு கேக்கத் தோணல." கணவரின் பக்கம் அவளால் திரும்ப முடியவில்லை. மைத்துனனும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சங்கை நேராக்கிவிட்டு வந்ததும், ஊதுபவர் பொத்தானில் விரலை வைத்தார். பழக்கதோஷத்தில் பொறியாளரிடமே கேட்டார்.

"ஊதட்டுங்களா சார்?"

பொறியாளர் நிமிராமலே தலையை ஆட்டினார். சங்கு அலறியது. ஆற்றில் நின்றவர்கள் கரையேறினார்கள். சங்கு ஓய்ந்ததும், பொறியாளர் வீட்டில் குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது.