பச்சைக் கண்ணில் வெறும் பாறை

"ஒரு கண்ணை மூடாதைங்கோ பௌஸி. ரெண்டாலையும் பாருங்கோ. அப்பதான் ஆள் முன்னுக்கு எழும்பி வரும்."

"ரெண்டும் திறந்துதான் ஈக்குது. நீங்க செஞ்ச கண்ணாடி மூக்கை வெட்டுது, மனுஷா," என்றேன்.

ஹெக்டர் சிரித்தான். நமசிவாயம் சிரிக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம். வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையை ஒட்டிய அவர் வீட்டுக்கு நானும் ஹெக்டரும் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தோம். ஜன்னல்களில் கறுப்புத் துணி. சுவரில் ஒரு வெள்ளை வேட்டி. எங்களுக்குப் பின்னால், அதில் படம் விழுத்தும் இரண்டு படவிளக்குகள். ஒன்று சிவப்பாக எரிந்தது, மற்றது பச்சையாக. எங்கள் அட்டைக் கண்ணாடியிலும் இடக்கண்ணுக்குச் சிவப்பு, வலக்கண்ணுக்குப் பச்சை. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படம்; இரண்டும் ஒன்றானால் உருவம் தட்டையாக இராது. கை நீட்டினால் தொடலாம் போலிருக்கும்.

அந்த ஆசையில்தான் அவர் இதைச் செய்தார். படத்தில் இருந்தது அவர் மனைவி சிவமணி. போன வருஷம், முப்பத்தேழில், கடற்கரைப் பாறையில் அவளை இருத்தி ஒரு படம் எடுத்தார். பிறகு கமராவை இரண்டரை அங்குலம் நகர்த்தி இன்னொன்று. அதுவரை அசையக்கூடாது என்றார். அவள் அசையவில்லை. மூன்றாம் நாள் அதே பாறையிலிருந்து அலை அவளை இழுத்துப் போனது. உடல் கிடைக்கவில்லை.

"ஒண்டாகுதில்லயே. மினுங்கி மினுங்கி நிக்கிது," என்றேன்.

வலக்கண்ணை மூடினேன். சிவப்பில், பாறைமேல் சிவமணி.

இடக்கண்ணை மூடினேன்.

பச்சையில் பாறை மட்டும்.

"நமசிவாயம், மற்றப் படத்தில அவ இல்ல."

"விசர்க்கதை. நேற்றுத்தான் கழுவினனான். ரெண்டிலயும் இருந்தவள்."

ஹெக்டர் பச்சை விளக்கின் படத்தகட்டை உருவி, ஜன்னல் துணியைச் சற்று விலக்கி வெளிச்சத்தில் பிடித்தான். வெறும் பாறை. கீழே மணலில் காலடிகள். எல்லாம் கமராவை நோக்கியே வந்திருந்தன.

"போதும், மென். விளக்கை நிப்பாட்டுவம்," என்றான்.

"நிப்பாட்டாதை!" என்றார் நமசிவாயம். "அவள் வரட்டும்."

வெளியே ரயில் போயிற்று. வேட்டியில் கடல் ஆடியது. ரயிலின் சத்தம் ஓய்ந்தபோது, அறையில் கடற்பாசி அழுகிய மணம்.

மறுபடி சிவப்பில் பார்த்தேன்.

அதிலும் அவள் இல்லை.

எங்கோ தரையில் நீர் சொட்டியது.

நமசிவாயம் வேட்டியைப் பார்த்தபடியே இருந்தார்.

"பௌஸி," என்றார், மிக மெதுவாக. "என்ர தோளில ஒரு கை கிடக்குது. நல்ல குளிர். எனக்குத் திரும்பப் பயமாய்க் கிடக்குது. நீங்கள் அந்தக் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு ஒருக்காப் பாருங்கோ... சிவமணிதானோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."